வரப்புப் புல்: பூச்சிக்கு வீடா... பொறியா?

நெல் நட்ட வயலைவிட அதன் வரப்பு சீக்கிரம் பச்சையாகிவிடும். யாரும் உரம் போட வேண்டாம், தண்ணீர் காட்ட வேண்டாம். அறுகு, கோரை, குதிரைவாலி மாதிரியே இருக்கும் களைப்புல், பெயர் தெரியாத இன்னும் நாலைந்து புல் எல்லாம் தானாக வந்து நிற்கும். முன்பெல்லாம் இதற்கு ஒரு கணக்கு இருந்தது. மாடு வைத்திருப்பவர்கள் அரிவாளோடு வந்து ஆளுக்கொரு கட்டு அறுத்துக்கொண்டு போவார்கள். மாட்டுக்குத் தீனியும் ஆயிற்று, புல்லும் அளவோடு நின்றது. இப்போது பல ஊர்களில் மாடும் குறைந்துவிட்டது, அறுக்க ஆளும் கிடைப்பதில்லை. அந்த வேலையை முதுகில் மாட்டும் ஸ்பிரேயர் எடுத்துக்கொண்டது. ஒரு டேங்க் களைக்கொல்லி அடித்தால், சில நாள்களில் வரப்பு முழுக்க வைக்கோல் நிறம்.

'பாவம், புல்தானே... ஏன் இப்படி?' என்று கேட்டுப் பாருங்கள். "புல்லுலதான் பூச்சி உட்கார்ந்திருக்கு. அங்கேருந்துதான் வயலுக்குள்ள எறங்குது" என்ற பதில் எந்த ஊரிலும் கிடைக்கும்.

இந்தப் பதில் பாதி சரி. எந்தப் பாதி சரி என்று தெரியாமல் மருந்து அடிப்பதில்தான் சிக்கல். இந்த வாரம் அதைப் பார்த்துவிடலாம்.

நெல்லும் ஒரு புல்தான்

முதலில் ஒரு சின்ன விஷயம். நெல், கோதுமை, சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு எல்லாமே தாவரவியல்படி புல் குடும்பம். வரப்பில் நிற்கும் புல்லுக்கும் வயலில் நிற்கும் நெல்லுக்கும் பங்காளி உறவு. அதனால், நெல்லைத் தின்னும் பூச்சி, அறுவடைக்குப் பிறகு வயல் காலியாகும்போது பக்கத்தில் இருக்கும் பங்காளி வீட்டில் போய்த் தங்குவது நடக்கக்கூடிய காரியம்தான். குறுவை முடிந்து சம்பாவோ தாளடியோ வரும் வரை அது எங்காவது உயிர் வாழ வேண்டுமே! இப்படிப் பயிர் இல்லாத நேரத்தில் பூச்சிக்குச் சோறு போடும் செடிகளை, பூச்சியியலில் மாற்று உணவுச் செடிகள் என்கிறார்கள்.

ஆனால், பூச்சிகள் எல்லாமே கிடைத்ததைச் சாப்பிடும் ரகம் கிடையாது. சில பூச்சிகள், வீட்டுச் சாப்பாடு இல்லையென்றால் பட்டினி கிடக்கும் ஆட்களைப் போல. அதனால், நெல் விவசாயி பயப்படும் பூச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து விசாரிக்க வேண்டியிருக்கிறது.

யார் மீது வழக்கு நிற்கும்?

நம் நெல் வயல்களில் அதிகம் பேசப்படும் எதிரி, மஞ்சள் குருத்துப்பூச்சி. இளம் பயிரில் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிடும். கதிர் வந்த பிறகு தாக்கினால் மணி பிடிக்காமல் வெள்ளை வெளேர் என்று நிற்கும், வெண்கதிர். இந்தப் பூச்சிக்கு நெல்லை விட்டால் வேறு போக்கிடம் அநேகமாகக் கிடையாது. அறுவடை முடிந்ததும் இதன் புழு வரப்புக்கு ஓடுவதில்லை. வயலிலேயே, நாம் அறுத்துவிட்டுப் போன அடித்தாளுக்குள் பத்திரமாக இருக்கிறது. தாளை மடக்கி உழ வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதன் அர்த்தம் இங்கே இருக்கிறது. அதேபோல, இந்த அந்துப்பூச்சி முட்டைக் குவியலை நாற்றின் இலை நுனிப் பக்கம் வைக்கும். நடும்போது நுனியைக் கிள்ளிவிட்டு நடச் சொல்வது அதனால்தான். குருத்துப்பூச்சிக்குப் பயந்து வரப்பில் களைக்கொல்லி அடிப்பது, திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது தெருவிளக்கைப் போட்டுத் தேடுவது மாதிரி.

அடுத்து புகையான். தூரின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, வட்ட வட்டமாக வயலைத் தீய்த்துவிடும் தத்துப்பூச்சி. இதற்கும் நெல்தான் வாழ்க்கை. இங்கே சுவாரஸ்யமான ஒரு கிளைக்கதை இருக்கிறது. பிலிப்பைன்ஸில், வாய்க்கால் ஓரமாகத் தண்ணீர் தேங்கும் இடத்தில் வளரும் லீர்சியா என்ற புல்லில் புகையான் கூட்டம் இருப்பதை 1980-களில் கவனித்தார்கள். லீர்சியா, நெல்லுக்கு மிக நெருங்கிய சொந்தம். 'பார்த்தீர்களா, புல்லில்தான் ஒளிந்திருக்கிறது' என்று சொல்லத் தோன்றும் இல்லையா? அந்தப் பூச்சிகளைப் பிடித்து நெல்லில் விட்டால் சரியாகப் பிழைக்கவில்லை. நெல்லில் இருந்தவற்றை லீர்சியாவில் விட்டாலும் அதே கதி. பார்ப்பதற்கு அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும் இரண்டு வேறு கூட்டங்கள்!

இவை ஒன்றோடு ஒன்று கலக்காமல் இருப்பது எப்படி? புகையானுக்குக் காதல் மொழி, அதிர்வு. ஆணும் பெண்ணும் வயிற்றை அசைத்து, செடியின் தண்டு வழியாகவே சமிக்ஞை அனுப்பிக்கொள்ளும். நம் காதுக்குக் கேட்காது. கருவி வைத்துப் பதிவு செய்து பார்த்தபோது, நெல் கூட்டத்தின் தாளமும் லீர்சியா கூட்டத்தின் தாளமும் வேறு வேறாக இருந்தன. அடுத்த வீட்டு மெட்டு இவர்களுக்குப் பிடிக்கவில்லை. (இதைப் படித்த அன்று அலுவலகத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள்.)

அப்படியானால் புல் மீது குற்றமே இல்லையா? இருக்கிறது. கதிர் நாவாய்ப்பூச்சி விஷயத்தில் வழக்கு நன்றாகவே நிற்கும். வயலுக்குள் நடந்தாலே ஒரு வீச்சம் அடிக்குமே, அந்தப் பூச்சி. நெல் மணி பால் பிடிக்கும் சமயத்தில் வந்து பாலை உறிஞ்சிவிடும், மணி பதராகும். நெல் பால் பிடிக்காத காலத்தில், கதிர் விட்டிருக்கும் களைப்புற்களில், முக்கியமாகக் குதிரைவாலி இனத்துக் களைகளில் இது தங்கிச் சாப்பிடுகிறது. அங்கே கதிர் முற்றி, இங்கே நெல் பால் பிடித்ததும் இடம் மாறுகிறது. இலைச்சுருட்டுப் புழுவும் பலவகைப் புற்களில் வாழும். ஆனால், இளம் பயிரில் இலைச்சுருட்டு கொஞ்சம் இருந்தாலும் நெல் புது இலை விட்டு ஈடுகட்டிக்கொள்ளும் என்பதால், ஆரம்பத்திலேயே பதறி மருந்து அடிக்க வேண்டியதில்லை.

இது தவிர, விவசாயிகள் வரப்பைச் சுத்தமாக வைத்துக்கொள்வதற்கு எலி என்று இன்னொரு நியாயமான காரணம் உண்டு. புதர் மண்டிய அகல வரப்பு எலி வளைக்குத் தோது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால், எலிக்குப் பதில் சொல்ல வரப்பை ஒடுக்கி, புல்லைக் குட்டையாக வைத்துக்கொண்டால் போதும். மொட்டையடிக்க வேண்டியதில்லை.

அதே வீட்டில் இன்னொரு குடித்தனம்

புல்லில் பூச்சி இருக்கிறது என்று சொல்லும்போது நாம் மறந்துவிடுவது, அங்கே பூச்சியைத் தின்னும் பூச்சியும் இருக்கிறது என்பதை. சிலந்திகள் நமக்குக் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டமும் உண்டு. அனாகிரஸ் என்ற குளவி, ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. இது தத்துப்பூச்சிகளின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். தத்துப்பூச்சிக் குஞ்சு வரவேண்டிய இடத்தில் குளவி வெளியே வரும்.

வயலில் நெல் இல்லாதபோது இந்தக் குளவி எங்கே போகும்? வரப்புப் புல்லில், நெல்லைத் தொடாத வேறு வகைத் தத்துப்பூச்சிகள் வாழ்கின்றன. அவற்றின் முட்டையில் குளவி காலத்தை ஓட்டுகிறது. நெல் நட்டதும் வயலுக்குள் இறங்குகிறது. ஆசிய நெல் வயல்களில் 1990-களில் நடந்த ஆய்வுகள் இதைக் காட்டின. அதாவது, நெல்லுக்கு ஒரு கெடுதலும் செய்யாத புல்பூச்சி, நெல்லின் காவலாளிக்குச் சோறு போட்டு வளர்க்கிறது. வரப்பைக் களைக்கொல்லியால் காயவைத்தால் முதலில் காலியாவது இந்தச் சாப்பாட்டுக்கூடம். அதன் பிறகு புகையான் வந்து இறங்கும்போது, எதிர்கொள்ள வயலில் ஆள் இருக்காது. பூச்சிமருந்தையும் சேர்த்து அடித்தால், சிலந்தியும் போய், புகையான் முன்பைவிட அதிகமாகக் கிளம்பும். தேவையில்லாத மருந்தே புகையானைப் பெருக்கிவிடும் என்பது நெல் விளையும் பல நாடுகள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

கென்யாவுக்குப் போன நம் ஊர்ப் புழு

புல்லைப் பற்றி இதே கேள்வியை இன்னும் ஆழமாகக் கேட்டுப் பார்த்தவர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே பயிர் வேறு, மக்காச்சோளம். ஆனால் வில்லன் நமக்குத் தெரிந்தவர். நம் சோளக்காட்டிலும் மக்காச்சோளக் காட்டிலும் தண்டைக் குடையும் தண்டுதுளைப்பான் இருக்கிறதே, கைலோ பார்டெல்லஸ், அதன் பூர்வீகம் ஆசியா. ஆப்பிரிக்காவில் முதலில் பதிவானது 1930-ல், மலாவியில். அங்கிருந்து பரவி, கென்யாவின் ஏழை விவசாயிகளுடைய மக்காச்சோளத்தில் குடியேறிவிட்டது. மக்காச்சோள மாவில் கிண்டும் களிதான் அவர்களுக்கு மூன்று வேளைச் சோறு. தண்டுக்குள் புழு போய்விட்டால் மேலே அடிக்கும் மருந்து அதைத் தொடாது. அந்த மருந்துக்கும் அவர்களிடம் காசு இல்லை.

நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்ட 'இசிபே' என்ற பூச்சி ஆராய்ச்சி மையம், விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கும் ம்பீட்டா என்ற ஊரில் ஒரு பண்ணை வைத்திருக்கிறது. 1990-களில் அங்கே இந்திய விஞ்ஞானி ஜியாவுர் கான் தலைமையில் ஒரு குழு, இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டட் ஆய்வு நிலையத்தோடு சேர்ந்து வேலையைத் தொடங்கியது. அப்போது பரவலாக இருந்த எண்ணம், நம் வரப்புப் பேச்சு மாதிரியேதான்: காட்டுப் புற்கள்தான் தண்டுதுளைப்பானின் கிடங்கு. இவர்கள் நூற்றுக்கணக்கான புல்வகைகளைச் சேகரித்து, எதில் பூச்சி முட்டை வைக்கிறது, எதில் புழு பிழைக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.

முட்டை வைப்பது வேறு, புழு பிழைப்பது வேறு. எல்லாம் மாறியது இங்கேதான்.

நேப்பியர் புல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் அந்துப்பூச்சிக்கு மக்காச்சோளத்தைவிட இதன் மீது ஆசை அதிகம். பொழுது சாய்ந்து இருட்டத் தொடங்கும் நேரத்தில்தான் அவை முட்டை வைக்க இடம் தேடிக் கிளம்பும். சரியாக அந்த முதல் ஒரு மணி நேரத்தில் நேப்பியர் விடும் பச்சைவாசனை சுமார் 100 மடங்கு கூடுகிறது. மக்காச்சோளத்தின் வாசனையும் கூடும், ஆனால் இந்த அளவுக்கு இல்லை. அந்துப்பூச்சி மயங்கிப் போய் நேப்பியரில் முட்டையை வைத்துவிடுகிறது. முட்டை பொரிந்து, குட்டிப் புழு தண்டைக் குடையத் தொடங்கியதும், புல் பசைபோல ஒரு சாற்றை வடிக்கிறது. புழு அதில் சிக்கிச் செத்துப்போகிறது. ஏறக்குறைய 80 சதவிகிதப் புழுக்கள் தேறுவதில்லை.

'கிடங்கு' என்று பெயர் வாங்கிய புல், பொறியாக வேலை செய்தது!

அதை வைத்து ஒரு முறையை உருவாக்கினார்கள். வயலைச் சுற்றி வேலி மாதிரி நேப்பியர். மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறுவகைத் தீவனச்செடி. டெஸ்மோடியத்தின் வாசனை அந்துப்பூச்சிக்குப் பிடிக்காது, வயலிலிருந்து துரத்தும். நேப்பியர் இழுக்கும். 'தள்ளு-இழு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். துரத்தும் வேலைக்காக வைத்த டெஸ்மோடியம், மக்காச்சோள வேரில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சும் சுடுமல்லிக் களையையும் ஒடுக்கியது. இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு செடியுமே மாட்டுத் தீவனம் என்பதால் வீட்டுக்குப் பாலும் வந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு விவசாயிகள் இதைச் செய்கிறார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் விளம்பரப் படம் மாதிரி ஆகியிருக்கும். நேப்பியருக்கே ஒரு நோய் வந்தது. புல் குட்டையாகி, மஞ்சளாகி, தேய்ந்துபோகும் குட்டை நோய். பரப்புவது ஒரு தத்துப்பூச்சி! வறட்சியும் சேர்ந்துகொண்டது. பிறகு பல இடங்களில் நேப்பியருக்குப் பதிலாக, காய்ச்சலைத் தாங்கும் பிராக்கியேரியா புல்லுக்கு மாறினார்கள். எந்தப் புல் பொறியாக இருக்கும் என்பது எழுதிவைத்து மனப்பாடம் செய்யும் விஷயம் அல்ல. ஊருக்கு ஊர், பூச்சிக்குப் பூச்சி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பின்னாளில் கிழக்கு ஆப்பிரிக்கக் காடுகளிலும் சதுப்புகளிலும் புல் தண்டுகளைப் பிளந்து பார்த்தவர்களுக்கு இன்னொரு உண்மையும் தெரிந்தது. உள்ளே இருந்த புழுக்களில் பெரும்பாலானவை பயிருக்கு வராத வேறு வேறு இனங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பிலிப்பைன்ஸ் லீர்சியா கதையேதான்!

வெட்டிவேர் ஃபார்வர்டு

இப்போது வெட்டிவேருக்கு வருவோம். காரணம், உங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் இது வந்திருக்க வாய்ப்பு உண்டு: 'வரப்பில் வெட்டிவேர் வையுங்கள், குருத்துப்பூச்சி வராது.'

இதற்குப் பின்னால் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் சோதித்தபோது, மேலே சொன்ன அதே ஆசியத் தண்டுதுளைப்பான் வெட்டிவேர் புல்லில் ஆசையாக முட்டை வைத்தது. புழு ஒன்றும் தேறவில்லை. சீனாவின் ஜெஜியாங் பகுதி விஞ்ஞானிகள் நெல் வரப்பில் வெட்டிவேரை வைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் அந்துப்பூச்சி ஏமாந்தது, புழு செத்தது. சீன நெல் வயல்களில் இதைப் பரிந்துரைக்கவும் செய்கிறார்கள். உலகமே 'வெட்டிவர்' என்று சொல்லும் சொல் நம் தமிழிலிருந்து போனது என்பதால், படிக்கும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால், சீனாவில் ஏமாந்தது கோடு போட்ட குருத்துப்பூச்சி. பல புற்களில் வாழக்கூடியது. நம் வயல்களில் அதிகம் இருப்பது நெல்லைத் தவிர எதையும் சட்டை செய்யாத மஞ்சள் குருத்துப்பூச்சி. அது வெட்டிவேருக்கு மயங்கும் என்று எதிர்பார்த்துச் செலவு செய்ய வேண்டாம். மண் அரிப்பைத் தடுக்க, கரை நிற்க, வேருக்கு விலை கிடைக்க என்றால் தாராளமாக வையுங்கள். மக்காச்சோளமோ சோளமோ போடுபவர்களுக்கு மட்டும் இந்தச் செய்தி கொஞ்சம் அதிகம் பொருந்தும், அவர்கள் எதிரியும் அந்தச் சோதனையின் எதிரியும் ஒன்று. தீவனத்துக்காக நம் ஊரில் வளர்க்கும் கோ-4 போன்றவை கம்பும் நேப்பியரும் சேர்ந்த ஒட்டுப்புல். கென்யாவில் பொறியாகத் தேர்ந்தெடுத்தது பானா என்ற வேறு ரகம். அதனால் கோ-4 வைத்தாலே பொறி ரெடி என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

சரி, வரப்பை என்ன செய்யலாம்?

நேரம் பார்த்து அறுப்பதுதான் வேலை. பயிர் இளசாக இருக்கும்போது வரப்புப் புல்லைக் குட்டையாக அறுத்துவிட்டாலே போதும், சிலந்தியும் குளவியும் இருக்கும். நெல் பூட்டைப் பருவத்துக்கு வருவதற்கு முன்பே ஒரு சுற்று வந்து, கதிர் விட்ட களைப்புற்களை, முக்கியமாகக் குதிரைவாலி வகையை, வரப்பிலும் வயலுக்குள்ளும் அறுத்துவிடுங்கள். கதிர் நாவாய்ப்பூச்சிக்குச் சாப்பாடு அங்கேதான். நெல் பால் பிடித்த பிறகு அறுத்தால், விரட்டப்பட்ட நாவாய்ப்பூச்சிக்குப் போக இருக்கும் ஒரே இடம் உங்கள் வயல். அறுகு, கோரை நிற்கும் வரப்பில் அவ்வளவு அவசரம் இல்லை. இடம் இருந்தால் வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றலாம். டெல்டாவில் பலரும் செய்வதுதான். பொறிவண்டும் சிலந்தியும் வரும், குழம்புக்கும் ஆயிற்று.

அறுக்க ஆள் இல்லை என்பவர்கள், பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருப்பவரிடம் 'எங்கள் வரப்பில் மருந்து அடிக்கவில்லை, வந்து அறுத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். மருந்து படாத புல் இப்போது அவர்களுக்கும் சுலபமாகக் கிடைப்பதில்லை. அறுத்த புல்லுக்கு ஈடாக அரை லிட்டர் பால் வாங்குவது உங்கள் சாமர்த்தியம்.